எதிரி டீம் கவுந்துடுச்சுன்னு பேசும்போது பண்ணக்கூடாத தப்புங்க: சான் ஃப்ரான்சிஸ்கோ ஜெயன்ட்ஸ் கேஸ்

முதல்லயே சொல்லிடறேன், அமெரிக்க பேஸ்பால்ல நான் டாட்ஜர்ஸ் கட்சி. ஜெயன்ட்ஸ் தோத்தா அன்னிக்கு எனக்கு சாப்பாடு நல்லா இறங்கும். ரெண்டு டீமும் நியூயார்க்ல இருந்த காலத்துலேருந்தே ஆகாது, 1958ல ரெண்டும் சேர்ந்தாப்ல கலிஃபோர்னியாவுக்கு வந்து ஒண்ணு லாஸ் ஏஞ்சலஸ்லயும் இன்னொண்ணு சான் ஃப்ரான்சிஸ்கோலயும் குடியேறிச்சு, பகையும் பெட்டி படுக்கையோட கூடவே வந்துடுச்சு. அப்படிப்பட்ட டீம் 2010, 2012, 2014ன்னு அஞ்சு வருஷத்துல மூணு வேர்ல்ட் சீரிஸ் (பேஸ்பால் லீக்கோட ஃபைனல்) அடிச்சு எங்க வயித்தெரிச்சலை கொட்டிக்கிட்டு, அப்புறம் 2017ல 98 மேட்ச் தோத்தா எங்க பக்கம் எவ்ளோ குஷின்னு சொல்லவே வேணாம். ஆனா அந்த குஷில பேசற பேச்சு பாதிக்கு மேல தப்பு, இன்னிக்கு வரைக்கும் அதையேதான் ஆளாளுக்கு சொல்லிட்டு இருக்காங்க.

எல்லாரும் பண்ற முதல் தப்பு சரிவுக்கு தேதி குறிக்கிறது. "2014 வரைக்கும் கெத்து, 2015லேருந்து டவுன்"னு. கணக்கை எடுத்து பாருங்க. ஒரு சீசனுக்கு 162 மேட்ச். 2010ல 92 ஜெயிச்சாங்க, 2012ல 94. நடுவுல 2011ல 86 ஜெயிச்சும் ப்ளேஆஃப் கிடையாது, அந்த வருஷம் மே மாசம் கேட்சர் (நம்ம கிரிக்கெட் கீப்பர் மாதிரி) பஸ்டர் போசி ஹோம் ப்ளேட்ல (ரன் எடுக்க தொட வேண்டிய இடம்) ஒருத்தன் வந்து மோதி கால் போய் சீசனே முடிஞ்சுடுச்சு. 2013ல 76 ஜெயிச்சு 86 தோத்தாங்க, அதாவது ரெண்டாவது கப்புக்கும் மூணாவது கப்புக்கும் நடுவுல இது தோக்கற டீம்தான். 2014ல 88தான், அந்த வருஷம் வெஸ்ட் டிவிஷனை (ரெண்டு டீமும் இருக்கற பிரிவு) 94 ஜெயிச்சு எடுத்தது நாங்க, இவங்க வைல்டு கார்டு (பிரிவுல முதல் வராத டீமுக்கு கிடைக்கற ப்ளேஆஃப் இடம்) வாசல் வழியா உள்ள நுழைஞ்சாங்க. அப்புறம் மேடிசன் பம்கார்னர்னு ஒரு பிட்சர், பந்து போடற ஆளு. கான்சஸ் சிட்டி ராயல்ஸ் கூட ஆடின வேர்ல்ட் சீரிஸ் முழுக்க 21 இன்னிங்ஸ் போட்டு ஒரே ஒரு ரன் கொடுத்தான், ஏழாவது மேட்ச்ல ரெண்டே நாள் ரெஸ்ட்ல திரும்ப வந்து அஞ்சு இன்னிங்ஸ், ஒரு ரன் கூட இல்ல. அந்த கப் பெரும்பாலும் ஒரு மனுஷன் கையால வந்தது, டீமோட பலத்தை அதை வச்சு எடை போட்டா தராசு பொய் சொல்லும்.

இன்னும் உள்ள போய் பாத்தா 2012லயே, கப் அடிச்ச அதே சீசன்லயே, கறை தெரியுது. டிம் லின்செகம் 2008, 2009 ரெண்டு வருஷமும் சை யங் அவார்டு (சிறந்த பிட்சருக்கு கொடுக்கறது) வாங்கினவன், ஒல்லியா முடியை நீளமா விட்டுக்கிட்டு எங்க பேட்டருங்களை அழ வச்சவன். 2012ல அவனோட ஈஆர்ஏ (ஒம்பது இன்னிங்ஸுக்கு சராசரியா கொடுக்கற ரன், கம்மியா இருந்தா நல்லது) 5.18, 15 தோல்வி. ஸ்டார்ட்டரா, அதாவது மேட்ச் ஆரம்பத்துலேருந்து போட, லாயக்கில்லன்னு அந்த அக்டோபர்ல பெரும்பாலும் ரிலீஃப்ல, அதாவது நடுவுல மாத்தி, இறக்கினாங்க, அங்க போய் நல்லா போட்டான், கப் வந்துச்சு, எல்லாரும் மறந்துட்டாங்க. மேட் கெய்ன் அதே வருஷம் ஜூன் 13 அன்னிக்கு ஆஸ்ட்ரோஸ் மேல பெர்ஃபெக்ட் கேம் போட்டான், 27 பேர் வந்தாங்க 27 பேரும் அவுட். அந்த சீசனுக்கப்புறம் ரிட்டயர் ஆகற வரைக்கும் ஒரு சீசன்ல கூட பத்து வெற்றி வரல.

கெய்ன் பேரை எடுத்தாலே அடுத்த தப்பு வந்துடும், "விசுவாசத்துக்கு காசை வாரி இறைச்சு அழிஞ்சாங்க"ன்னு. இங்க ஒண்ணு புரிஞ்சுக்கணும், பேஸ்பால் ஐபிஎல் மாதிரி இல்ல, ஏலத்துல கலைச்சுப் போட்டு புதுசா டீம் எடுக்கறதெல்லாம் கிடையாது. கான்ட்ராக்ட்ல கையெழுத்து போட்டா முழு காசும் கேரண்டி, ஆளு ஆடினாலும் சரி தோள்பட்டை போய் வீட்ல உக்காந்தாலும் சரி. அதனால வெளிய இருந்து பாக்க கெய்னுக்கு 2012 ஏப்ரல்ல கொடுத்த 112.5 மில்லியன் டாலர் முட்டாள்தனமா தெரியும். ஆனா அப்ப அவனுக்கு 27 வயசு, வருஷா வருஷம் 200 இன்னிங்ஸுக்கு மேல போட்டுட்டு இருந்தான், அவனுக்கு கொடுக்காம யாருக்கு கொடுப்பீங்க? போசிக்கு ஒம்பது வருஷத்துக்கு 167 மில்லியன், அதுக்கு வட்டியும் முதலுமா உழைச்சு கொடுத்துட்டான். 2015 டிசம்பர்ல ஜானி க்வெட்டோவுக்கு 130 மில்லியன், அதே மாசம் ஜெஃப் சமார்ஜாவுக்கு 90. க்வெட்டோ அடுத்த வருஷமே 18 ஜெயிச்சான். தனித்தனியா பாத்தா பெரும்பாலான கையெழுத்துக்கு ஒரு நியாயம் இருக்கும். மொத்தமா சேத்தா 2015, 2016, 2017ன்னு மூணு வருஷம் தொடர்ந்து லக்சுரி டாக்ஸ் (சம்பளச் செலவு வரம்பு தாண்டினா லீக்குக்கு கட்டற அபராதம்) கட்டினாங்க.

என் கணக்குப்படி காசு ரெண்டாவது பிரச்சனைதான். பெரிய பிரச்சனை, வீட்டுக்குள்ள வளத்த பசங்க வர்றது நின்னு போச்சு. கெய்ன், லின்செகம், பம்கார்னர், போசி நாலு பேரும் சொந்த ட்ராஃப்ட்ல (டீமுங்க வரிசையா புது பசங்களை எடுக்கறது) முதல் ரவுண்டுல எடுத்தவங்க, 2002லேருந்து 2008க்குள்ள. ப்ராண்டன் க்ராஃபோர்ட், ப்ராண்டன் பெல்ட் ரெண்டு பேரும் கூட சொந்த விளைச்சல். அந்த மாதிரி ஒரு வரிசை அப்புறம் வரவே இல்ல. ஜெயிக்கற டீமுக்கு ட்ராஃப்ட்ல கடைசி பக்கமாதான் சான்ஸ் வரும், அது ஒரு காரணம். இன்னொண்ணு ஜூலை மாசம் ட்ரேடு டெட்லைன்ல (ஆளு மாத்திக்க கடைசி தேதி) இவங்க பண்ணின வேலை. 2011ல ஸாக் வீலர்னு 21 வயசு பையன், 2009 ட்ராஃப்ட்ல ஆறாவது ஆளா எடுத்தது, அவனை மெட்ஸ் கிட்ட தூக்கி கொடுத்துட்டு கார்லோஸ் பெல்ட்ரானை ரெண்டு மாசத்துக்கு வாங்கினாங்க. பெல்ட்ரான் நல்லாதான் அடிச்சான், ஆனா டீம் ப்ளேஆஃப் போகல, சீசன் முடிஞ்சதும் அவன் செயின்ட் லூயிஸுக்கு போயிட்டான். வீலர் பின்னாடி ஃபிலடெல்ஃபியாவுக்கு போய் எல்லாரையும் போட்டு எடுத்தான்.

அதைக் கூட அப்போ கப் கனவு இருந்துச்சுன்னு விட்டுடலாம். 98 தோத்த சீசன் முடிஞ்ச கையோட, 2018 ஜனவரில, ப்ரையன் ரெனால்ட்ஸ்னு ஒரு மைனர் லீக் (கீழ்மட்ட பயிற்சி லீக்) பையனை பிட்ஸ்பர்க் கிட்ட கொடுத்து 31 வயசு ஆண்ட்ரூ மெக்கச்சனை வாங்கினாங்க பாருங்க, அதுதான் எனக்கு இன்னும் புரியாத ஒண்ணு. மெக்கச்சன் ஆகஸ்ட் கடைசில யாங்கீஸுக்கு போயாச்சு. ரெனால்ட்ஸ் பிட்ஸ்பர்க்ல ஆல் ஸ்டார் ஆனான். ஏன் அப்படி பண்ணினாங்கன்னா ஸ்டேடியம் காலியாகிடுமோன்னு பயம்னுதான் எனக்கு தோணுது, 2010லேருந்து 2017 ஜூலை வரைக்கும் தொடர்ந்து 530 மேட்ச் ஹவுஸ்ஃபுல் ஓடின இடம் அது, அங்க போய் "மூணு வருஷம் பொறுங்க, புதுசா கட்டறோம்"னு சொல்ல யாருக்கும் வாய் வரல.

பாதி சீசனை வச்சு முடிவு கட்டறது இன்னொரு தப்பு, இது ரெண்டு பக்கமும் பண்றது. 2016 ஆல் ஸ்டார் ப்ரேக் (சீசன் நடுவுல வர்ற லீவு) வரும்போது ஜெயன்ட்ஸ் 57 ஜெயிச்சு 33 தோல்வி, முப்பது டீம்ல அதுதான் பெஸ்ட் ரெக்கார்டு. 2010, 12, 14, அடுத்து 16, இரட்டைப்படை வருஷம் வந்தா கப் வரும்னு அவங்க ஆளுங்க கோவில் திருவிழா மாதிரி கொண்டாடிட்டு இருந்தாங்க. மீதி பாதில 30 ஜெயிச்சு 42 தோத்தாங்க. அப்பவும் வைல்டு கார்டுல மெட்ஸை முடிச்சுட்டு சிகாகோ கப்ஸ் கூட போய் நாலாவது மேட்ச்ல ஒம்பதாவது இன்னிங்ஸ் ஆரம்பத்துல 5-2 லீடிங். மூணே அவுட் வேணும். மேனேஜர் ப்ரூஸ் போச்சி ஒரே இன்னிங்ஸ்ல அஞ்சு ரிலீவரை மாத்தி மாத்தி இறக்கினார், ஒருத்தனாலயும் முடியல, 6-5 தோல்வி, சீரிஸ் காலி. கப் அடிச்ச மூணு வருஷமும் கடைசி இன்னிங்ஸை காப்பாத்தின அந்த பழைய புல்பென் (ரிலீவருங்க) கூட்டம் அதோட கலைஞ்சுது, அதுல ஒருத்தன் செர்ஜியோ ரோமோ, அடுத்த வருஷம் எங்க டீமுக்கே வந்துட்டான், அது தனி சந்தோஷம்.

2017க்கு பம்கார்னரோட டர்ட் பைக்கை காரணமா சொல்றவங்களும் உண்டு. ஏப்ரல்ல லீவு நாள்ல டென்வர் பக்கத்துல பைக் ஓட்டி விழுந்து தோள்ல அடி, சில மாசம் வரவே இல்ல, உண்மைதான். ஆனா ஸ்டார்ட்டிங் பிட்சர் அஞ்சு நாளைக்கு ஒருமுறைதான் போடுவான், அவன் முழுசா இருந்திருந்தா ஒரு ஏழெட்டு வெற்றி கூட வந்திருக்கும், 98 தோல்வி 90 ஆகியிருக்கும், அவ்ளோதான். அசல் விஷயம் ஆட்டம் மாறினது. அந்த வருஷம் லீக் முழுக்க 6,105 ஹோம் ரன் (நம்ம சிக்ஸர் மாதிரி), அதுவரைக்கும் சரித்திரத்துல இல்லாத அளவு, எல்லா டீமும் பந்தை தூக்கி அடிக்க கத்துக்கிட்டாங்க. ஜெயன்ட்ஸ் அடிச்சது 128, கடைசி இடம். அவங்க கிரவுண்டு கடலோரம், ரைட் சென்டர் பக்கம் அப்போ 421 அடி, குளிர்காத்து வேற. அதுக்கேத்த மாதிரி பிட்சிங், ஃபீல்டிங், சின்ன சின்ன ஹிட்டுன்னு கட்டின டீம். கப் வாங்கிக்கொடுத்த அதே டிசைன்தான் அவங்களை கீழ தள்ளிச்சு.

அந்த சீசனோட கடைசி நாள் ஒரு கூத்து நடந்துச்சு. தோத்தா லீக்லயே மோசமான ரெக்கார்டு இவங்களுது மட்டும், ட்ராஃப்ட்ல முதல் சான்ஸ் கிடைக்கும். பாஸ்டன் துரத்திவிட்டதும் திரும்பி வந்திருந்த பழைய ஹீரோ பாப்லோ சாண்டவால் ஒம்பதாவது இன்னிங்ஸ்ல சான் டியேகோ மேல வாக்-ஆஃப் (அதோட மேட்சே முடியற) ஹோம் ரன் அடிச்சு ஜெயிக்க வச்சுட்டான். டெட்ராய்ட்டும் இவங்களும் 64-98ல சமம், முந்தின வருஷ ரெக்கார்டை பாத்து முதல் சான்ஸ் டெட்ராய்ட்டுக்கு போச்சு. ஸ்டேடியத்துல எல்லாரும் குதிக்கறாங்க!

இப்ப எல்லாத்தையும் விட பெரிய தப்பு, செத்துட்டாங்கன்னு மாலை போடறது. 2018 கடைசில எங்க ஜெனரல் மேனேஜர் ஃபர்ஹான் ஸைதியையே அவங்க தூக்கிட்டு போனாங்க. 2021ல நிபுணருங்க கம்ப்யூட்டர் கணக்கெல்லாம் போட்டு ஒரு 75 பக்கம் ஜெயிப்பாங்கன்னு சொன்னாங்க. ஜெயிச்சது 107. நாங்க 106 ஜெயிச்சு ரெண்டாவது இடம், எட்டு வருஷமா எங்க கையில இருந்த டிவிஷன் போச்சு. யாரு அடிச்சா? கிழட்டு குதிரைங்கன்னு கிண்டல் பண்ணின அதே போசி, க்ராஃபோர்ட், பெல்ட். 2017ல 128 ஹோம் ரன் அடிச்ச டீம் 241 அடிச்சுது. ப்ளேஆஃப்ல அஞ்சாவது மேட்ச்ல நாங்க 2-1ன்னு தப்பிச்சோம், கடைசி பந்துல வில்மர் ஃப்ளோரஸ் பேட்டை பாதிலயே நிறுத்தினான்னுதான் எனக்கும் தோணுது, அம்பயர் ஸ்ட்ரைக்னு கையை தூக்கிட்டார், நான் வாயே திறக்கல.

அதை வச்சு "திரும்ப வந்துட்டாங்க"ன்னு நம்பினதும் தப்பாதான் போச்சு. போசி அந்த நவம்பர்லயே ரிட்டயர் ஆயிட்டான். அப்புறம் வரிசையா வெற்றி கணக்கு 81, 79, 80, 81. 2021க்கு முன்னாடியும் சரி பின்னாடியும் சரி, காசு கொடுத்து கூப்பிட்ட பெரிய பேட்டருங்க வரல: ஸ்டான்டன் மாட்டேன்னுட்டான், ஹார்ப்பருக்கு 300 மில்லியனுக்கு மேல கொடுக்கறேன்னும் ஃபிலடெல்ஃபியா போயிட்டான், ஜட்ஜ் நியூயார்க்லயே இருந்துட்டான், கொர்ரேயாவோட 350 மில்லியன் டீல் மெடிக்கல் ரிப்போர்ட்ல உடைஞ்சுது, ஒஹ்டானி எங்க கிட்ட வந்தான். இதைப் பாத்துட்டு எங்க பசங்க "எங்களுக்கு மூளை, அவங்களுக்கு இல்ல"ம்பாங்க. மூளை இருக்கு சரி, 2012ல டாட்ஜர்ஸை 2 பில்லியன் டாலருக்கு வாங்கின ஆளுங்களோட பர்ஸும் இருக்கே.

எனக்கு கேட்டா 98 தோத்த 2017ஐ விட இந்த 81-81தான் மோசமான நிலை. 98 தோத்தா அட்லீஸ்ட் ரெண்டாவது ட்ராஃப்ட் சான்ஸ் கிடைக்கும் (அதுல எடுத்த ஜோயி பார்ட் சரியா வரலங்கிறது வேற விஷயம்), 81க்கு ப்ளேஆஃபும் இல்ல நல்ல ட்ராஃப்டும் இல்ல. 2024ல ஸைதியை அனுப்பிட்டு போசியையே ஆபீஸ் நாற்காலில உக்கார வச்சாங்க, 2025 ஜூன்ல பாஸ்டன்லேருந்து ராஃபேல் டெவர்ஸை பெரிய கான்ட்ராக்டோட வாங்கினான், அப்பவும் 81. அந்த அக்டோபர்ல டோனி விட்டெல்லோன்னு டென்னசி காலேஜ் கோச்சை, ப்ரொஃபஷனல் பேஸ்பால்ல அதுவரைக்கும் ஒரு நாள் கூட வேலை பாக்காத ஆளை, நேரா மேனேஜர் ஆக்கினாங்க. எங்க ஆளுங்க உடனே சிரிக்க ஆரம்பிச்சாச்சு. ஃபிலடெல்ஃபியா துரத்திவிட்ட கேப் கேப்லரை இவங்க கூட்டிட்டு வந்தப்பவும் இப்படித்தான் சிரிச்சாங்க, அந்த 107 ஜெயிச்ச வருஷம் மேனேஜர் ஆஃப் தி இயர் அவன்தான்.