இட்லி மாவுக்குக் கம்பளி: வீட்டில் இரண்டு அறையை விருந்தாளிக்கு விடப் போகிறவர்களுக்கு

கோத்தகிரியில் எங்கள் வீட்டு மாடியில் இரண்டு அறைகளை வெளியூர்க்காரர்களுக்கு விட ஆரம்பித்துப் பத்து வருஷம் ஆகிறது. படுக்க இடம், காலையில் டிபன். அவ்வளவுதான் நாங்கள் கொடுப்பது. அதற்கு முன்னால் 34 வருஷம் தபால் ஆபீஸில் இருந்தேன். போன மாதம் குன்னூரிலிருந்து என் மச்சினன் வந்திருந்தான். அவனும் மாடி போர்ஷனை இப்படி விடப் போகிறானாம். "என்ன மெத்தை வாங்கலாம் மச்சான்? டிவி எத்தனை இன்ச் போடணும்?" என்று கேட்டான். பதில் சொல்லாமல், தங்கிப் போனவர்கள் எழுதி வைத்த மூன்று நோட்டுகளை எடுத்து அவன் முன்னால் போட்டேன்.

இரண்டு பேரும் உட்கார்ந்து, தபாலை பீட் வாரியாக, அதாவது ஒவ்வொரு தபால்காரர் சுற்றும் தெருக்கள் வாரியாகப் பிரிக்கிற மாதிரி, எந்தக் குறிப்பு எதைப் பற்றி என்று பிரித்தோம். வெந்நீர் ஒரு பக்கம் சேர்ந்தது. டிபன் ஒரு பக்கம். தகரக் கூரையில் மழை, கரண்ட் போன ராத்திரி, வாசலுக்கு வந்த காட்டெருமை என்று மிச்சமெல்லாம் ஒரு பக்கம். டிவியைப் பற்றி ஒரு வரி கிடையாது. மெத்தையைப் பற்றி ஒரே ஒருவர், அதுவும் முதுகு வலித்தது என்று. அன்றைக்கு அவனிடம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். எங்களுடையது குளிர் ஊர். உங்கள் ஊருக்குத் தகுந்தபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

காகித வேலையை முதலில் முடித்துவிடலாம். மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் ஹோம்ஸ்டே திட்டத்தில் பதிய வேண்டுமென்றால் வீட்டுக்காரர் அதே வளாகத்தில் குடியிருக்க வேண்டும். ஒன்றிலிருந்து ஆறு அறை வரைதான் அனுமதி. வெளிநாட்டுக்காரர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அந்த விவரத்தை அரசுக்கு ஆன்லைனில் அனுப்ப வேண்டும். நீலகிரிக்கு வண்டியில் வருகிறவர்களுக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ் உண்டு. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு மாவட்டத்தில் தடை. இந்த இரண்டையும் முன்பணம் வாங்குகிற அன்றே போனில் சொல்லிவிடுங்கள். நான் ஒரு தடவை சொல்ல மறந்தேன். குழந்தைகளோடு வந்த ஒரு குடும்பம் குஞ்சப்பனை சோதனைச்சாவடியில் நின்று, சிக்னலைத் தேடிப் பாஸ் எடுத்து, வாங்கி வைத்திருந்த தண்ணீர் பாட்டிலை எல்லாம் கொடுத்துவிட்டு வந்தார்கள். நோட்டில் அதைப் பற்றி எழுதவில்லை, நல்ல மனுஷர்கள். ஆனால் இரண்டு நாளும் சரியாகவே பேசவில்லை.

அடுத்தது, வந்து இறங்குகிற நேரம். சென்னைக்காரர்கள் பெரும்பாலும் நீலகிரி எக்ஸ்பிரஸில் வருவார்கள். அது காலை ஆறேகால் வாக்கில் மேட்டுப்பாளையம் வந்துவிடும். அங்கிருந்து மலை ஏறினால் எட்டு, எட்டரைக்கு நம் வாசலில் நிற்பார்கள். நம் அட்டையில் 'அறை 12 மணிக்கு' என்று போட்டிருக்கும். மேலே முந்தின நாள் ஆட்கள் இன்னும் போர்த்திக்கொண்டு தூங்குவார்கள். முதல் வருஷம் வயதான ஒரு தம்பதியை முன்பக்கத்து நாற்காலியில் மூன்று மணி நேரம் உட்கார வைத்துவிட்டேன். போகும்போது அவர்கள் எழுதியது இரண்டே வார்த்தை: 'குளிர் அதிகம்.' அந்தப் பக்கத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இன்னும் உறுத்தும். இப்போது அறை காலியாக இல்லாவிட்டாலும் கீழே எங்கள் குளியலறையைக் கொடுத்துவிடுகிறோம். குளித்து, சூடாக ஒரு டீ, இரண்டு வர்க்கி (இந்த மலைப்பக்கத்து மொறுமொறு பிஸ்கட்). அதற்கப்புறம் பன்னிரண்டு மணி வரை அவர்களே கடைவீதியைச் சுற்றிவிட்டு வருவார்கள். வர்க்கியை டீயில் நனைத்துத் தின்ன வேண்டும் என்று சொல்லிக் கொடுங்கள். தெரியாமல் கடித்துப் பார்த்துவிட்டு, பழசோ என்று நினைக்கிறவர்கள் உண்டு.

வெந்நீருக்கு வருவோம். கீசர் கீழே இருக்கிறது, அறை மேலே. குழாயைத் திறந்தவுடன் வருவது பச்சைத் தண்ணீர்தான். அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு 'கீசர் வேலை செய்யலை' என்று துண்டோடு படியிறங்கி வருவார்கள். கதவுக்குப் பின்னால் ஒரு அட்டை எழுதி ஒட்டினேன்: 'சிவப்புக் குழாயைத் திறந்து அறுபது எண்ணுங்கள்.' அதோடு அந்தத் தொல்லை முடிந்தது. சத்தமாக எண்ணுகிற குழந்தைகளின் குரல் கீழே வரை கேட்கும்.

கரண்ட் போனால் என்ன செய்வது? மழைக்காலத்தில் இங்கே மரம் விழுந்தால் அரை நாள் கூடப் போகும். அதற்காகப் பின்கட்டில் பழைய விறகு பாய்லரை வைத்திருக்கிறேன். தேயிலைத் தோட்டத்தில் கழித்துப் போடும் சில்வர் ஓக் கிளைதான் விறகு. வாளியை நானே மேலே தூக்கிக்கொண்டு போவேன். வசதிக் குறைவு என்று திட்டுவார்கள் என நினைத்தேன். நோட்டைப் பார்த்தால் கீசரைப் பாராட்டி ஒருவரும் எழுதவில்லை. பாய்லர் வெந்நீரைப் பற்றி மட்டும் எட்டு, பத்துப் பேர் எழுதியிருக்கிறார்கள். ஒரு அம்மா, 'தண்ணீரில் புகை வாசனை வந்தது, எங்கள் பாட்டி வீட்டுக்கே போய்விட்டேன்' என்று எழுதியிருந்தார். அதற்காகக் கீசரை அணைத்துவிட்டு வேண்டுமென்றே வாளி தூக்காதீர்கள். அப்படி ஒரு மாதம் செய்து பார்த்தேன், முதுகுதான் பிடித்துக்கொண்டது.

டிபன் என் மனைவியின் இலாகா. இதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கீழ்நாட்டில் சாயங்காலம் ஆட்டி வைத்த மாவு காலையில் பொங்கி வழியும். இங்கே டிசம்பரில் மாவு அப்படியே கல் மாதிரி கிடக்கும். அதனால் அவள் முந்தின நாள் மத்தியானமே ஆட்டிவிடுவாள். ஊற வைக்கும்போது உளுந்தோடு ஒரு ஸ்பூன் வெந்தயம். ஆட்டும்போது தெளிக்கிற தண்ணீர் வெதுவெதுப்பாக. கையாலேயே உப்பைக் கலந்து, தூக்குவாளியில் முக்கால் அளவுக்கு ஊற்றி மூடுவாள். அப்புறம் என் பழைய பச்சைக் கம்பளியை நாலாக மடித்து, வாளியைச் சுற்றி, ஒரு கயிற்றால் கட்டி, அடுப்பு மேடையின் சூடு அடங்காத மூலையில் வைப்பாள். ராத்திரி படுக்கப் போகும் முன் ஒரு தடவை கையை உள்ளே விட்டுப் பார்ப்பாள், காய்ச்சல் பார்க்கிற மாதிரி.

ஒரு நாள் சிவகாசியிலிருந்து வந்திருந்த ஆறு வயதுப் பெண் குழந்தை தண்ணீர் கேட்க அடுக்களைக்கு வந்தாள். மூலையில் கம்பளி போர்த்திய உருவத்தைப் பார்த்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு, "பாட்டி, அங்க யாரு தூங்குறா?" என்று கேட்டாள்.

"நீ நாளைக்குத் திங்கப் போற இட்லி, கண்ணு."

காலை ஆறு மணிக்கு, அப்பா அம்மா எழுந்திருக்கும் முன்பே, அந்தக் குழந்தை அடுக்களை வாசலில் வந்து நின்றது. கயிற்றை அவிழ்க்கும் வேலையை என் மனைவி அதற்கே கொடுத்தாள். மூடியைத் திறந்ததும் மாவு மேலே குமிழி விட்டு எழும்பியிருந்ததைப் பார்த்து அது போட்ட சத்தத்தில்தான் நான் எழுந்தேன். நோட்டில் ஒரு பக்கம் முழுக்கப் படம் வரைந்திருக்கிறாள்: கண்ணை மூடிக்கொண்டு, போர்வை போர்த்திக்கொண்டு தூங்கும் ஒரு தூக்குவாளி. மூன்று வருஷம் கழித்து அதே குடும்பம் திரும்பி வந்தது. பெட்டியை இறக்கும் முன்னே அவள் நேராக அடுக்களைக்குப் போய் மூலையைப் பார்த்தாள்.

அதனால் மச்சினனிடம் சொன்னேன்: அடுக்களைக் கதவைச் சாத்தி வைக்காதே. கடை மாவு பாக்கெட்டும் வாங்காதே. மாவு பொங்கவில்லையென்றால், 'இன்றைக்குக் குளிர் ஜாஸ்தி, மாவு எழும்பவில்லை, உப்புமாதான்' என்று சொல்லிவிடு, யாரும் கோபித்துக்கொள்வதில்லை. ஐந்து அயிட்டம் வைத்து ஆறிப்போவதைவிட ஒன்றைச் சூடாக வை. எத்தனை மணிக்கு வேண்டும், காரம் எவ்வளவு, டீயா காபியா என்று முந்தின ராத்திரியே கேட்டுக்கொள். இந்த உயரத்தில் தண்ணீர் 100 டிகிரிக்கு ஐந்தாறு டிகிரி கீழேயே கொதித்துவிடும். குக்கர் இல்லாமல் சாம்பாருக்குப் பருப்பு வேக வைக்கலாம் என்று நினைத்தால் டிபன் மதியச் சாப்பாடாகிவிடும்.

முன் அறைக்குத் தகரக் கூரை. மழை பெய்தால் பக்கத்தில் பேசுவது கேட்காது. சத்தம் இல்லாமல் செய்ய ஃபால்ஸ் சீலிங் போடலாம் என்று ஆளைக் கூப்பிட்டு அளவெல்லாம் எடுத்தாயிற்று. அந்த வாரம் வந்த ஒரு பையன், பெங்களூரில் வேலை, 'எத்தனையோ மாதத்துக்கு அப்புறம் ஒன்பது மணி நேரம் தூங்கினேன், மழைச் சத்தத்துக்கு நன்றி' என்று எழுதிவிட்டுப் போனான். சீலிங் வேலையை அத்தோடு விட்டேன். தூக்கம் கெடும் என்கிறவர்களுக்குப் பின் அறை இருக்கிறது, அது கான்கிரீட். எந்த அறை வேண்டும் என்று கேட்கும்போதே இதைச் சொல்லிவிடுவது நல்லது.

காட்டெருமை எங்கள் கையில் இல்லை. பக்கத்துத் தோட்டத்திலிருந்து சில ராத்திரி வந்து வேலியோரம் மேயும். பார்த்தவர்கள் அரைப் பக்கத்துக்குக் குறையாமல் எழுதுவார்கள். இரண்டு மணிக்கு மென்று தின்னும் சத்தம் கேட்டு எழுந்து, ஜன்னலில் நெற்றியை ஒட்டிக்கொண்டு முக்கால் மணி நேரம் பார்த்ததாக ஒரு தம்பதி எழுதியிருக்கிறார்கள். நான் அப்போது குறட்டை விட்டுக்கொண்டிருந்தேன். இதில் நாம் செய்ய வேண்டியது எச்சரிக்கை மட்டும், அதை முதல் டீ கொடுக்கும்போதே சொல்லிவிட வேண்டும். இருட்டிய பிறகு வாசல் விளக்கைப் போட்டு, பார்த்துவிட்டுத்தான் கதவைத் திறக்க வேண்டும். கீழே இறங்கக் கூடாது. ஃபிளாஷ் போட்டுப் படம் எடுக்கக் கூடாது. பழத்தோல், மிச்சச் சாப்பாடு எதையும் வெளியே வைக்கக் கூடாது. கரடியும் வருகிற ஊர் இது. 'பக்கத்தில் போய் ஒரு செல்பி' என்று கிளம்பிய ஒருவரை நான் கையைப் பிடித்து இழுத்திருக்கிறேன். அவர் நோட்டில் எழுதவில்லை. பரவாயில்லை.

இனி என் குறை ஒன்று. எனக்குப் பேச்சு அதிகம். ஒரு நாள் காலை கோவைக் கலெக்டர் ஜான் சல்லிவன் மலையேறி வந்தது, இங்கே கன்னேரிமுக்கில் 1819-ல் பங்களா கட்டியது என்று ஒரு இளம் ஜோடிக்கு ஆரம்பித்தேன். முடிக்கும்போது அவர்கள் தட்டில் தோசை விறைத்துப் போயிருந்தது. 'ஐயாவுக்கு வரலாறு மிக நன்றாகத் தெரியும்' என்று எழுதிவிட்டுப் போனார்கள். என் மனைவி அந்த வரியை மாதம் ஒரு முறை எனக்கு வாசித்துக் காட்டுவாள். இப்போது கேட்டால்தான் சொல்வது.

சுற்றிப் பார்க்க ஒரு நாளைக்கு ஒரு இடம் போதும். நாலு இடம் சொன்னால் காரிலேயே பொழுது போய்விடும். பறவை பார்க்கிறவர்களுக்கு லாங்வுட் சோலை: ஊரை ஒட்டி 116 ஹெக்டேர் காடு, 2024-ல் ராம்சார் என்கிற சர்வதேச ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. கோடநாடு காட்சிமுனைக்கு வானம் தெளிவாக இருக்கும் காலையில் மட்டும் அனுப்புங்கள். மூடுபனி இறங்கியிருந்தால், 'இன்றைக்குப் போனால் வெள்ளைத்தான் தெரியும், வீட்டிலேயே இருங்கள்' என்று சொல்லிவிடுவேன். அப்படி வீட்டிலேயே இருந்த நாளைப் பற்றித்தான் பலர் எழுதியிருக்கிறார்கள்.

நோட்டு வைக்கிற முறையையும் சொல்லிவிடுகிறேன். கிளம்பும்போது, கையில் பெட்டி, வாயில் 'பில் எவ்வளவு' என்று நிற்கிறவரிடம் நோட்டை நீட்டினால் 'நல்ல உபசரிப்பு, நன்றி'க்கு மேல் வராது. முதல் நாளே மாடி ஜன்னலோரம் வைத்துவிடுங்கள். மழை நாளில் பொழுது போகாமல் எடுத்துப் படிப்பார்கள். மற்றவர்கள் எழுதியதைப் படித்தால் தானாக எழுத வரும். 'கருத்து', 'ஆலோசனை' என்று கட்டம் போடாதீர்கள், அது ஆபீஸ் வேலையாகிவிடும். பேனாவைக் கயிற்றில் கட்டுங்கள். இதில் எனக்கு 34 வருஷ அனுபவம். அவர்கள் போகும் வரை எடுத்துப் படிக்காதீர்கள். குறை எழுதிய பக்கத்தைக் கிழிக்கக் கூடாது. 'பின் அறை ஜன்னல் இடுக்கில் காற்று வருகிறது' என்று ஒருவர் எழுதியிருந்தார். மறுவாரம் பட்டி வைத்து அடைத்துவிட்டு, அதன் கீழேயே தேதி போட்டு 'சரி செய்யப்பட்டது' என்று எழுதினேன். வருகிறவர்கள் அதைக் காட்டிக் காட்டிச் சிரிக்கிறார்கள்; ஆனால் அதற்கப்புறம் குறையைத் தைரியமாக எழுதுகிறார்கள்.

கிளம்புகிற நாளில் வாழை இலையில் கொஞ்சம் எலுமிச்சைச் சாதம் கட்டிக் கொடுங்கள். கொஞ்சம்தான், வயிறு நிறைந்து வளைவுகளில் இறங்கினால் வாந்தி வரும். கோடை சீசனில் ஊட்டியிலிருந்து இறங்கும் வண்டிகளைக் கோத்தகிரி வழியாகத் திருப்பிவிடுவார்கள், சாயங்காலம் சாலை நிறைந்துவிடும். ரயில் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல்தானே என்று உட்கார்ந்திருக்கிறவர்களை ஐந்து மணிக்கெல்லாம் துரத்தியே ஆக வேண்டும். துரத்துகிற வேலையை மனைவியிடம் விட்டுவிட்டேன். அவள், "போயிட்டு வா கண்ணு, நேரமாச்சு" என்றால் கிளம்பிவிடுகிறார்கள்.

மச்சினன் மெத்தை வாங்கிவிட்டான், டிவி இன்னும் வாங்கவில்லை. தூக்குவாளி எத்தனை லிட்டர் வேண்டும் என்று போன் செய்து அக்காவிடம் கேட்டான். மூன்றாவது நோட்டை அவன்தான் கொண்டு போயிருக்கிறான், திருப்பித் தரவில்லை. சனிக்கிழமை ஈரோட்டிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். அதற்குள் கடைவீதிக்குப் போய்ப் புதிதாக ஒன்று வாங்க வேண்டும்: லாங் சைஸ், 200 பக்கம், கெட்டி அட்டை.