மழை ஊரில் தேக்குக்கு வார்னிஷ் அடிப்பது எப்படி

ரங்கூனில் வீட்டு மரச்சாமான்களுக்கு வார்னிஷ் அடிக்க எந்த மாதம் நல்லது என்று கேட்பவர்களுக்கு, கார்த்திகை பிறந்ததும் தொடங்குங்கள் என்பதே என் பதில். மே முதல் அக்டோபர் வரை பெய்யும் மழை 2,500 மில்லிமீட்டரைத் தாண்டும் ஊர் இது. அந்த மாதங்களில் சுவர் மட்டுமல்ல, அலமாரிக் கதவும் ஈரத்தைக் குடித்து உப்பி, மூடினால் மூடாது, திறந்தால் திறக்காது என்று நிற்கும். நவம்பர் பாதிக்குப் பிறகு காற்று உலர்ந்து, வெயிலும் மிதமாக இருக்கும். அப்போது தொடங்கினால் பொங்கலுக்குள் வேலையும் முடியும், பூச்சும் இறுகியிருக்கும். மார்ச், ஏப்ரல் மாதங்களும் உலர்ந்தவைதான். ஆனால் அந்த வெக்கையில் வார்னிஷ் பரவுவதற்கு முன்பே இழுபடுவதாலும், தெருப் புழுதி வந்து ஒட்டுவதாலும் அவற்றை நான் இரண்டாவதாகவே வைப்பேன்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். தாத்தா காலத்துத் தேக்குக் கதவுக்கு ஓர் ஆகஸ்ட் மாதத்தில், மழை இரண்டு நாள் ஓய்ந்திருந்ததை நம்பி, விலை உயர்ந்த வார்னிஷை அடித்தேன். ஒரு வாரம் கழித்தும் விரலை வைத்தால் கைரேகை அப்படியே பதிந்தது. பத்தாம் நாள் அதில் சாய்த்து வைத்த செய்தித்தாளின் எழுத்துகள் கதவில் இடவலம் மாறி ஒட்டிக்கொண்டன. முழுவதையும் சுரண்டி எடுக்க நான்கு நாள் ஆயிற்று. காரணம் இரண்டு: காற்றின் ஈரம் ஒன்று, தேக்கின் எண்ணெய் மற்றொன்று. தேக்கு மரத்துக்குள் இயற்கையாகவே எண்ணெய்ப்பசை உண்டு. கறையானும் அழுகலும் அதை எளிதில் அண்டாததற்கு அதுவும் ஒரு காரணம். அதே எண்ணெய்தான் வார்னிஷைக் காயவிடாமல் தடுக்கிறது.

“பர்மாவின் பகான் ஊரில் செய்யும் அரக்குப் பாத்திரங்கள் ஈரத்தில்தானே காய்கின்றன?” என்று இங்கே பலர் கேட்பதுண்டு. கேள்வி நியாயமானது. திட்சி மரத்தின் பாலைப் பூசி நிலவறைக்குள் வைக்கும்போது, அங்குள்ள ஈரப்பதமே அந்தப் பூச்சை இறுகச் செய்கிறது. கடையில் வாங்கும் எண்ணெய் வார்னிஷோ காற்றிலுள்ள பிராணவாயுவை ஏற்று இறுகுவது. அதற்கு ஈரம் பகை. ஒன்றின் இலக்கணத்தை மற்றொன்றுக்குப் பொருத்தக் கூடாது.

எதை வாங்குவது என்பதை, அந்த மரம் எங்கே இருக்கப்போகிறது என்பதை வைத்து முடிவு செய்யுங்கள். வெயிலும் சாரலும் படும் தலைவாசல் கதவுக்கும் சன்னல் சட்டத்துக்கும், படகுகளுக்கென்று செய்யப்படும் மரைன் வார்னிஷ் ஏற்றது. மரம் உப்பிச் சுருங்கும்போது தானும் வளைந்து கொடுக்கும், வெயிலின் கடுமையையும் ஓரளவு தாங்கும். சாப்பாட்டு மேசை, ஊஞ்சல் பலகை போன்று தேய்மானம் மிகுந்தவற்றுக்கு எண்ணெய் வகைப் பாலியூரித்தேன் வார்னிஷ் பொருந்தும். தண்ணீர் வகை வார்னிஷ் இரண்டு, மூன்று மணி நேரத்தில் காயும், வாடையும் குறைவு, ஆகவே குழந்தைகள் படுக்கும் அறைக்கு நல்லது; ஆனால் தேக்கின் தேன் நிறத்தை அது எடுத்துக்காட்டாமல் சற்று வெளிறவைக்கும். ஷெல்லாக் எனப்படும் பூச்சி அரக்கை (பகான் அரக்கு வேறு) ஸ்பிரிட்டில் கரைத்துப் பூசும் பிரெஞ்சு பாலிஷின் அழகுக்கு ஈடு இல்லைதான். எனினும் சூட்டில் இளகி, தண்ணீர் பட்டால் வெளுத்துப்போவதால், விளக்கேற்றும் பூஜை அலமாரிக்கு அதை நான் சொல்லமாட்டேன்.

பழைய சாமானானால் முன்பு என்ன பூசியிருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். கண்ணில் படாத மூலையில் ஸ்பிரிட் நனைத்த பஞ்சை ஒரு நிமிடம் வைத்திருங்கள். பசைபோல இளகினால் அது ஷெல்லாக் அரக்கு, முழுவதையும் நீக்கிவிட்டே புதியதைப் பூச வேண்டும். இளகாமல் கெட்டியாக நின்றால், உரியாத இடங்களைத் தேய்த்து மங்கலாக்கி அதன்மேலேயே பூசலாம். பிறகு 120 எண் உப்புத்தாளில் தொடங்கி, 180, 240 என்று மரத்தின் ரேகை ஓடும் திசையிலேயே தேய்க்க வேண்டும். குறுக்கே தேய்த்த கீறல் அப்போது தெரியாது; வார்னிஷ் பட்டதும் பளிச்சென்று தெரியும். தேக்குத் தூள் மூக்கையும் தோலையும் அரிக்கும் என்பதால் முகக்கவசம் அவசியம்.

பூஜை அலமாரியைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஆண்டுக்கணக்கில் விளக்கு எரிந்த தட்டில் எண்ணெய் மரத்துக்குள் ஊறி, மேலே புகைக்கரி படிந்திருக்கும். அதன்மேல் வார்னிஷ் அடித்தால் பூச்சு அங்கங்கே விலகி, மீன்கண்போல வட்ட வட்டமாகக் குழிகள் விழும். சோப்பு நீரில் பிழிந்த துணியால் கரியைத் துடைத்து, இரண்டு நாள் காயவிட்டு, தின்னர் நனைத்த வெள்ளைத் துணியால் துணி மாற்றி மாற்றித் துடையுங்கள். துணியில் மஞ்சள் கறை படுவது நிற்கும்வரை இது தொடர வேண்டும். புதுத் தேக்குக்கும் இதே துடைப்புத்தான். துடைத்தபின் தின்னர் உலர்ந்ததும், உள்ளிருக்கும் எண்ணெய் மறுபடி மேலே கசிவதற்குள், ஒரு மணி நேரத்துக்குள்ளாக முதல் பூச்சு விழுந்துவிட வேண்டும். விளக்கை அணைத்து, சன்னல்களைத் திறந்து வைத்த பிறகே தின்னர் டப்பாவைத் திறக்க வேண்டும் என்பதைச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை.

வார்னிஷ் டப்பாவைக் குலுக்காதீர்கள். குலுக்கினால் எழும் குமிழி பூச்சிலும் வந்து உட்காரும். ஒரு குச்சியால் மெதுவாகக் கலக்கி, வேண்டிய அளவை மட்டும் கிண்ணத்தில் ஊற்றிக்கொள்ளுங்கள். எண்ணெய் வகையானால் முதல் பூச்சுக்குப் பத்துப் பங்குக்கு ஒரு பங்கு டர்பன்டைன் சேர்த்தால் அது மரத்துக்குள் நன்றாக இறங்கும். தூரிகையின் மயிரில் மூன்றில் ஒரு பங்கு நனைந்தால் போதும். செதுக்கு வேலைகளையும் மூலைகளையும் முதலில் முடித்து, பிறகு அகன்ற பலகைக்கு வந்து, ரேகையோடு நீளமாக இழுத்து, கடைசியில் தூரிகையின் நுனி மட்டும் படும்படி ஒரு முறை தடவி விட்டுவிட வேண்டும். விடுபட்ட இடம் பத்து நிமிடம் கழித்துக் கண்ணில் பட்டாலும் கை வைக்காதீர்கள். அடுத்த பூச்சில் சரியாகிவிடும், திரும்பத் தொட்டால் தடம் நிற்கும்.

எண்ணெய் வகைப் பூச்சுகளுக்கு இடையே ஒரு முழு நாள் விட்டு, 320 எண் தாளால் இலேசாகத் தேய்க்க வேண்டும். வெள்ளைத் தூளாக உதிர்ந்தால் காய்ந்துவிட்டது. தாளில் பிசுபிசுவென்று அப்பினால் இன்னும் ஒரு நாள் பொறுக்க வேண்டும். உள்ளே இருக்கும் சாமான்களுக்கு மூன்று பூச்சு, வெளிக்கதவுக்கு ஐந்து. கதவைக் கழற்றி அதன் அடி விளிம்புக்கும் மேல் விளிம்புக்கும் பூசுவதைத் தவறவிடாதீர்கள். மழைநீர் ஏறுவது பெரும்பாலும் யாரும் பார்க்காத அந்த அடி விளிம்பு வழியாகத்தான்.

எண்ணெய் வார்னிஷ் துடைத்த துணிகளைச் சுருட்டி மூலையில் போடவே கூடாது. காயும்போது எழும் சூடு சுருட்டலுக்குள் அடைபட்டு, யாரும் பற்றவைக்காமலே தீப்பிடிக்கக்கூடும். வெளியே ஒற்றையாக விரித்துக் காயவையுங்கள், அல்லது தண்ணீர் நிரம்பிய தகர டப்பாவில் மூழ்கவைத்து மூடுங்கள்.

தொட்டால் ஒட்டாது என்பதற்காக இறுகிவிட்டது என்று கொள்ள முடியாது. முழுதாக இறுக ஒரு மாதம்வரை ஆகும். அதுவரை நிலைவாசலில் மஞ்சள் பூச வேண்டாம், அந்தக் கறை இளம் பூச்சில் இறங்கிவிடும். பிறகு ஆண்டுதோறும் சித்திரையில், மழை தொடங்குமுன், கதவில் சில துளி தண்ணீர் தெளித்துப் பாருங்கள். முத்தாக உருண்டு நின்றால் இன்னும் ஓராண்டு தாங்கும். மரம் கறுத்து நீரை உறிஞ்சினால், அந்த வாரமே நன்கு உலரவிட்டு, இலேசாகத் தேய்த்து, ஒரு பூச்சு அடித்துவிடுங்கள்.