பிஎல்எஃப்எஸ் தரவில் ஆளுக்கு ஓர் அடையாள எண்: ஸ்டேட்டா என்ற புள்ளியியல் மென்பொருளில் உருவாக்குவது எப்படி?

தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2017 முதல் நடத்தும் தொழிலாளர் ஆய்வுதான் பிஎல்எஃப்எஸ். இதன் தரவைத் திறந்ததும் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி, "ஐடி எங்கே?" ஆயத்தமாக ஒரே பத்தியில் அது கிடைக்காது. பல பத்திகளை ஒட்டி நாம்தான் உருவாக்க வேண்டும். கோப்பை இறக்குவது, லேஅவுட் (எந்தப் பத்தி எங்கே இருக்கிறது என்ற பட்டியல்) பார்த்துப் பத்திகளைப் பிரிப்பது எல்லாம் தெரியும் என்று வைத்துக்கொண்டு தொடங்குகிறேன்.

முதலில், எவற்றை ஒட்டுவது? குடும்பத்துக்கு நான்கு: எஃப்எஸ்யு, அதாவது ஆய்வுக்கு முதலில் தேர்ந்தெடுக்கும் கிராமம் அல்லது நகரப் பகுதியின் எண் (5 இலக்கம்), குக்கிராமக் குழு அல்லது துணைப்பகுதி எண் (1), குடும்பங்களை வகைப்படுத்தும் இரண்டாம் நிலை அடுக்கு எண் (1), மாதிரிக் குடும்ப எண் (2). மொத்தம் 9. ஆளுக்கு வேண்டுமானால் நபரின் வரிசை எண்ணையும் (2) சேருங்கள், 11 ஆகிவிடும்.

இந்தப் பத்திகளை இன்ஃபிக்ஸ் கட்டளையில் படிக்கும்போதே எஸ்டிஆர் என்று போட்டு எழுத்துச்சரமாக (எண்ணாக அல்ல, உரையாக) வாங்கிவிடுங்கள். அப்புறம் கூட்டல் குறியால் வரிசையாக ஒட்டினால் முடிந்தது. அடையாள எண்ணை யாரும் கூட்டவோ சராசரி எடுக்கவோ போவதில்லை. அதனால் அது எண்ணாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை.

எண்ணாக வைத்தால் என்ன ஆகும்? இங்கேதான் பலர் மாட்டுகிறார்கள், கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். எஃப்எஸ்யுவைப் பத்து லட்சத்தால் பெருக்கி, மற்றவற்றையும் அதனதன் இடத்துக்கேற்பப் பெருக்கிக் கூட்டுவது கணக்குப்படி சரியான வழிதான். ஆனால் ஜென் கட்டளை, வகை சொல்லாவிட்டால், புதிய மாறியை ஃப்ளோட் என்ற எண் வகையில் உருவாக்கும். ஃப்ளோட்டில் 1,67,77,216 வரைதான் எல்லா முழு எண்களும் பிசகாமல் நிற்கும். நம்முடையதோ 11 இலக்கம். 3,000 கோடியை ஒட்டிய எண்களில் ஃப்ளோட் 2,048 எண்களுக்கு ஒரு மதிப்பைத்தான் வைத்துக்கொள்ளும். விளைவு, ஒரு வீட்டில் இருக்கும் அத்தனை பேருக்கும் பெரும்பாலும் ஒரே ஐடி. பிழைச் செய்தி எதுவும் வராது என்பதுதான் ஆபத்து. முழு எண்களுக்கான லாங் வகையும் உதவாது, அது 214 கோடியைத் தாண்டியதும் நின்றுவிடும். எண்தான் வேண்டும் என்றால் ஃப்ளோட்டைவிடத் துல்லியமான டபுள் வகையை வெளிப்படையாக எழுதுங்கள். என் கட்சி எழுத்துச்சரம்தான்.

ஏற்கெனவே எண்ணாகப் படித்துவிட்டீர்களா? முன்னால் உள்ள சுழியங்கள் போயிருக்கும். அப்படியே ஒட்டினால் 1-ஆம் குடும்பத்தின் 12-ஆம் நபரும் 112, 11-ஆம் குடும்பத்தின் 2-ஆம் நபரும் 112. ஸ்ட்ரிங் செயற்கூற்றில் %02.0எஃப் வடிவம் கொடுத்துச் சுழியங்களைத் திரும்ப நிரப்புங்கள். எஃப்எஸ்யுவுக்கு 02 அல்ல, 05.

ஒட்டிய உடனே, ஐடி எங்கும் இரட்டிக்கவில்லையா என்று பார்க்கும் ஐஸ்ஐடி கட்டளையை ஓட்டுங்கள். அது ஒன்றும் சொல்லாமல் நகர்ந்தால் எல்லாம் சரி. முரண்டினால் டூப்ளிகேட்ஸ் ரிப்போர்ட் எத்தனை வரிசைகள் இரட்டிக்கின்றன என்று காட்டும். இந்தச் சோதனை டூ-ஃபைலிலேயே (கட்டளைகளை எழுதி வைக்கும் கோப்பு) இருக்கட்டும். அடுத்த ஆண்டுத் தரவுக்கு அதே ஃபைலை ஓட்டும்போது காப்பாற்றும்.

நபர் கோப்பில் இருந்துகொண்டு குடும்பக் கோப்பை இணைக்க 9 இலக்க ஐடியும் எம்:1 இணைப்பும் (பல நபர்களுக்கு ஒரு குடும்பம்) போதும். எம்:எம் (பலவற்றுக்குப் பல) பக்கமே போகாதீர்கள். அது வரிசை ஒழுங்கைப் பார்த்து ஜோடி சேர்க்கும், யாருக்கும் பயனில்லை. ஈஜென் குரூப் போட்டு 1, 2, 3 என்று எண் கொடுக்கலாமே என்றால், ஒரே கோப்புக்குள் சரி. இரண்டு கோப்புகளில் தனித்தனியாகப் போட்டால் ஒரே வீட்டுக்கு வேறு வேறு எண் விழலாம்.

சும்மா பார்ப்பதற்காகக்கூட எக்செலில் திறந்து சேமிக்க வேண்டாம். சுழியங்களைத் தின்றுவிடும். நோட்பேட்++ போதும்.

பிற்சேர்க்கை: நகர்ப்புறக் கோப்பில் ஐஸ்ஐடி தோற்கிறது என்று சிலர் எழுதியிருந்தீர்கள். நகரத்தில் ஆய்வுக்காரர்கள் ஒரே வீட்டுக்குப் பல முறை போகிறார்கள். மறுவருகைப் பதிவுகளைச் சேர்த்து வைத்திருந்தால் அதே வீடு மீண்டும் வரத்தான் செய்யும். காலாண்டையும் வருகை எண்ணையும் ஐடியின் முன்னால் ஒட்டிவிட்டுப் பாருங்கள்.

ஸ்டேட்டாவுக்குப் பதில் ஆர் என்ற மென்பொருளைப் பயன்படுத்துவோருக்கு: ரீட்.எஃப்டபிள்யூஎஃப் தானாகவே எண்ணாக மாற்றிவிடும். கால்கிளாசஸ் இடத்தில் கேரக்டர் என்று கொடுங்கள். மற்றதெல்லாம் மேலே சொன்னதுதான், ஒட்டுவதற்குப் பேஸ்ட்0.