வாயும் குரலும் ஒட்டவில்லையா? ஆடியோவை நகர்த்தும் முன் அளந்து பாருங்கள்

வீடியோ எடிட் செய்யும்போது டைம்லைனில் (கிளிப்புகளை வரிசையாக அடுக்கும் பட்டையில்) ஆள் பேசுகிறார், உதடு மூடிய பிறகுதான் குரல் வருகிறது. இதைப் பார்த்ததும் நம் கை முதலில் போவது ஆடியோ கிளிப்பைப் பிடித்து இடது பக்கம் கொஞ்சம் தள்ளத்தான். அதைச் செய்யாதீர்கள், கொஞ்சம் பொறுங்கள். நான் ஒரு முறை இரண்டு மணி நேர உரையாடல் ஒன்றை இப்படித் தள்ளித் தள்ளி, இரண்டு நிமிடத்துக்கு ஒரு வெட்டு போட்டு, விடிய விடிய உட்கார்ந்து சரி பண்ணினேன். அசல் கோப்பை எடிட்டுக்கு முன்பே ஒரு தடவை முறையாக மாற்றியிருந்தால் அத்தனை வெட்டும் தேவையே இல்லை என்று காலையில்தான் தெரிந்தது. அப்படி ஒரு ராத்திரி உங்களுக்கு வரக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு சின்ன சந்தேகத்தைத் தீர்த்துவிடுங்கள். ப்ளூடூத் ஹெட்செட்டில் கேட்கிறீர்களா? அதைக் கழற்றிவிட்டு வயர் உள்ளதைப் போடுங்கள். ப்ளூடூத்தில் சத்தம் காதுக்கு வந்து சேரவே 200 மில்லிசெகண்ட் வரை ஆகலாம், அதாவது கோப்பில் ஒரு குறையும் இல்லாமலேயே ஐந்தாறு ஃபிரேம் (வீடியோவின் தனித்தனிப் படங்கள்) தள்ளிக் கேட்கும். அதை நம்பிக் கை வைத்தால் நன்றாக இருந்ததும் கெட்டுவிடும்.

சரி, வயரிலும் விலகல் இருக்கிறது என்றால் அளக்க வேண்டும். தொடக்கத்தில் ஓர் இடம், நடுவில் ஓர் இடம், கடைசியில் ஓர் இடம். படம் பிடிக்கும்போது யாராவது கை தட்டியிருந்தால் ரொம்ப வசதி. தட்டவில்லையென்றால் பேச்சில் ‘ப’ அல்லது ‘ம’ வரும் இடத்தைத் தேடுங்கள், ‘அப்பா’, ‘அப்புறம்’ மாதிரி ஒரு சொல் போதும். இதழ் ஒட்டாமல் இந்த எழுத்துகள் வராது. ‘அப்பா’ என்ற சொல்லை ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்திப் பாருங்கள்: வேவ்ஃபார்மில் (சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் கோட்டில்) ‘அ’ ஒரு மேடு, அடுத்து ‘ப்’ வரும் இடம் கிட்டத்தட்ட தட்டையான கோடு, பிறகு ‘பா’ செங்குத்தாக எழும். அந்த எழுச்சியும் இதழ் பிரியும் ஃபிரேமும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். எத்தனை ஃபிரேம் தள்ளி இருக்கிறது என்று எண்ணி ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

ஃபிரேம் எண்ணப் பொறுமை இல்லையென்றால் கோப்பை வி.எல்.சி. பிளேயரில் திறங்கள். விண்டோஸில் ‘கே’ விசையை ஒரு முறை அழுத்தினால் ஆடியோ 50 மில்லிசெகண்ட் பின்னால் போகும், ‘ஜே’ அழுத்தினால் முன்னால் வரும். உதடும் குரலும் ஒட்டும் வரை அழுத்திவிட்டுத் திரையில் தெரியும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். இன்னொன்றும் இதிலேயே தெரிந்துவிடும்: அசல் கோப்பு வி.எல்.சி.யில் சரியாக ஓடி, எடிட்டரில் (எடிட்டிங் மென்பொருளில்) மட்டும் விலகினால், பதிவில் குறை இல்லை, எடிட்டர் அதைத் தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறது.

மூன்று இடத்திலும் ஒரே எண் வந்தால் நிம்மதி, நகர்த்தினால் போதும். ஆனால் ஒரு விஷயம், நொடிக்கு 25 ஃபிரேம் வீடியோவில் ஒரு ஃபிரேம் என்பது 40 மில்லிசெகண்ட். ஆடியோவை ஃபிரேம் கணக்கில் நகர்த்தினால் சில சமயம் ஒன்று முந்தும், இல்லை பிந்தும், நடுவில் நிற்காது. பிரீமியர் எடிட்டிங் மென்பொருளில் ‘ஆடியோ டைம் யூனிட்ஸ்’ என்பதை ஆன் செய்தால் அதைவிடச் சின்ன அளவிலும் நகர்த்தலாம். சந்தேகமாக இருந்தால் குரல் ஒரு துளி பிந்தி இருப்பது மேல், முந்தி இருக்கவே கூடாது. ஒளிபரப்புத் துறைக்காக ஐ.டி.யூ. (சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம்) தரும் கணக்கிலும் ஆடியோ 45 மில்லிசெகண்ட் முந்தினாலே மனிதர்கள் கண்டுபிடித்துவிடுகிறார்கள், பிந்தினால் 125 வரை உறுத்துவதில்லை. மின்னலுக்குப் பிறகு இடி கேட்டுப் பழகிய காது அல்லவா.

தனி மைக் வைத்துப் பதிவு செய்தவர்கள் இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சாஃப்ட்வேரே கேமரா ஆடியோவையும் மைக் ஆடியோவையும் ஒப்பிட்டு ஒட்டிக் கொடுத்துவிடும், ஆனால் கேமரா 10 மீட்டர் தள்ளி இருந்தால் குரல் அங்கே போய்ச் சேரவே ஏறக்குறைய 29 மில்லிசெகண்ட் ஆகியிருக்கும். அந்தத் தாமதத்தோடுதான் உங்கள் நல்ல மைக்கும் ஒட்டப்படும். அதனால் ஒட்டிய பிறகு ஒரு தடவை உதட்டைப் பார்த்து, தேவைப்பட்டால் ஒரு ஃபிரேம் முன்னால் இழுங்கள்.

விலகல் போகப் போகக் கூடினால் அது வேகப் பிரச்சினை. இங்கே நீங்கள் எழுதி வைத்த எண்ணே காரணத்தைச் சொல்லிவிடும். ஒரு மணி நேரத்துக்கு 3.6 நொடி, பத்து நிமிடத்துக்கு 0.6 நொடி என்ற கணக்கில் வந்தால் நொடிக்கு 29.97 ஃபிரேமை 30 என்றோ, 23.976-ஐ 24 என்றோ யாரோ எடுத்துக்கொண்டிருக்கிறார்கள், இரண்டிலும் வித்தியாசம் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஆடியோவை நீட்டிச் சுருக்கி இதைச் சமாளிக்க வேண்டாம். கிளிப்பின் பண்புகளில் ஃபிரேம் ரேட்டை உண்மையான எண்ணுக்கு மாற்றினால் தானாகவே உட்கார்ந்துவிடும். குரலே கீச்சென்றோ கனமாகவோ மாறி, பத்து நிமிடத்தில் முக்கால் நிமிடத்துக்கு மேல் விலகினால், 44.1 கிலோஹெர்ட்ஸ் ஆடியோவை (நொடிக்கு 44,100 மாதிரி எடுத்துப் பதிந்ததை) எடிட்டர் 48 என்றோ, 48-ஐ 44.1 என்றோ படித்திருக்கிறது. வீடியோ வேலைக்கு எல்லாவற்றையும் 48-லேயே வைத்துக்கொள்வது நல்லது.

ஒரு மணி நேரத்துக்கு ஒன்றிரண்டு ஃபிரேம் மட்டும் விலகுகிறதா? கேமராவும் ரெக்கார்டரும் ஆளுக்கொரு கடிகாரத்தில் ஓடுகின்றன, அவ்வளவுதான். இதற்கு மட்டும் ஆடியோவின் வேகத்தைத் தொடலாம். முதல் தட்டலிலிருந்து கடைசித் தட்டல் வரை படத்தில் எத்தனை நொடி, ஆடியோவில் எத்தனை நொடி என்று பார்த்து, ஆடியோ நீளத்தைப் படத்தின் நீளத்தால் வகுத்தால் வைக்க வேண்டிய வேகம் கிடைக்கும். படத்தில் 3,600 நொடி, ஆடியோவில் 3,600.07 என்றால் 100.002 சதவீதம். இவ்வளவு சின்ன எண்ணை உங்கள் சாஃப்ட்வேர் ஏற்காவிட்டால், யாரும் பேசாத ஓர் இடைவெளியில் ஆடியோவை வெட்டி ஒரு ஃபிரேம் நகர்த்திவிடுங்கள், காதுக்குத் தெரியாது.

இனிதான் ரொம்பப் படுத்துகிற வகை: தொடக்கத்தில் சரி, நடுவில் தப்பு, அப்புறம் கொஞ்சம் சரி, மறுபடி தப்பு. போனில் எடுத்த வீடியோ, ஸ்கிரீன் ரெக்கார்டிங், ஆன்லைன் மீட்டிங் பதிவு இவற்றில் இது சகஜம், என் இரண்டு மணி நேர உரையாடலும் இதுதான். போன் எல்லா நொடிக்கும் ஒரே எண்ணிக்கையில் ஃபிரேம் எடுப்பதில்லை, வெளிச்சம் குறைந்தாலோ சூடு ஏறினாலோ நொடிக்கு 30 என்பது 28 ஆகும், 24 ஆகும். பிளேயர் ஒவ்வொரு ஃபிரேமின் நேரக் குறிப்பையும் பார்த்து ஓட்டுவதால் அதில் வித்தியாசம் தெரியாது. எடிட்டர்களில் பல எல்லா ஃபிரேமும் சம இடைவெளியில் வருவதாகவே எடுத்துக்கொள்ளும், அங்கேதான் கதை கெடுகிறது. மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் கோப்பைப் போட்டு, வீடியோ பகுதியில் ‘ஃபிரேம் ரேட் மோட்’ என்ற வரியைப் பாருங்கள். ‘வேரியபிள்’ என்று இருந்தால் டைம்லைனுக்குள் கொண்டுபோகாதீர்கள்.

வீடியோ கோப்பை மாற்றித் தரும் ஹேண்ட்பிரேக் மென்பொருளில் திறந்து, வீடியோ டேபில் ஃபிரேம் ரேட்டை ‘சேம் ஆஸ் சோர்ஸ்’ என்று விடாமல் 30 என்றோ உங்கள் டைம்லைன் எந்த எண்ணோ அதையோ தேர்ந்தெடுத்து, கீழே ‘கான்ஸ்டன்ட் ஃபிரேம்ரேட்’ என்பதை டிக் செய்யுங்கள். தரத்துக்கு ஆர்.எஃப். 18 பக்கம் வைத்தால் போதும், எண் குறையக் குறையத் தரமும் கோப்பின் அளவும் கூடும். ஆடியோ 48 கிலோஹெர்ட்ஸ். முழுக் கோப்பையும் ஓட்டும் முன் ஐந்து நிமிடப் பகுதியை மாற்றிப் பார்த்து, ‘அப்பா’ சோதனையை அதில் செய்துவிடுங்கள். ஏற்கெனவே பாதி எடிட் முடித்துவிட்டீர்கள் என்றால் கவனம், புதுக் கோப்பை அதே இடத்தில் மாற்றி வைத்தால் வெட்டுகள் சில ஃபிரேம் நகர்ந்து நிற்கும், ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் ஆக வேண்டும்.

கோப்பே திறக்கவில்லை என்பது வேறு கதை. எம்பி4, எம்கேவி எல்லாம் வெறும் பெட்டி; உள்ளே இருக்கும் கோடெக்தான் (படத்தையும் சத்தத்தையும் சுருக்கி வைக்கும் முறை) சரக்கு. பெயரின் பின்னொட்டை எம்கேவியிலிருந்து எம்பி4 என்று மாற்றி எழுதுவதால் எதுவும் மாறாது. எடிட்டர் பெட்டியைத்தான் ஏற்கவில்லை, சரக்கு அது ஏற்கும் எச்.264 கோடெக்தான் என்றால் சரக்கைத் தொடாமல் பெட்டியை மட்டும் மாற்றலாம், தரம் ஒரு துளியும் குறையாது, சில நொடியில் முடியும். திரையைப் பதியும் ஓ.பி.எஸ். ஸ்டுடியோவின் ஃபைல் மெனுவில் ‘ரீமக்ஸ் ரெக்கார்டிங்ஸ்’ இருப்பது இதற்குத்தான். அதனால் நேரே எம்பி4-ல் பதியாமல் எம்கேவியில் பதிந்து பிறகு மாற்றிக்கொள்ளுங்கள். சாதாரண எம்பி4-ல் எந்த ஃபிரேம் எங்கே இருக்கிறது என்ற அட்டவணை கடைசியில்தான் எழுதப்படும், நடுவில் கரன்ட் போனால் மொத்தப் பதிவும் திறக்காது.

படம் வந்து சத்தம் மட்டும் வராவிட்டால் ஆடியோ கோடெக்கைப் பாருங்கள், பல சமயம் எடிட்டர் ஏற்காத ஓபஸ் அல்லது ஏசி3 ஆக இருக்கும். ஆடியோவை மட்டும் 48 கிலோஹெர்ட்ஸ் வேவ் ஆக மாற்றிக்கொண்டால் தீர்ந்தது. எம்பி3-க்கு மாற்றாதீர்கள், அந்த என்கோடர் தொடக்கத்தில் சில பத்து மில்லிசெகண்ட் மௌனத்தைச் சேர்த்துவிடும், அப்புறம் அதையும் தேடி அளக்க வேண்டி வரும்.

எல்லாம் சரியாகி எக்ஸ்போர்ட் முடிந்ததும், வெளிவந்த கோப்பை எடிட்டருக்கு வெளியே, முடிந்தால் ஒரு போனிலும் போட்டு, முதல் நிமிடத்தை விட்டுவிட்டுக் கடைசி இரண்டு நிமிடத்தைப் பாருங்கள். அங்கே ஓர் ‘அப்பா’வோ ‘அப்புறம்’மோ சரியாக உட்கார்ந்திருந்தால் அனுப்பிவிடலாம்.