பழைய வாடகை வீட்டின் ஆஸ்பெஸ்டாஸ் கூரையைக் கையாளும் முறை

குமரி மாவட்டத்தில் இரு பருவமழையும் பெய்வதால், பழைய வாடகை வீடுகளின் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுகளில் பாசி படிவது வழக்கம். ஜூன் மழைக்கு முன்னர் அதைக் கம்பி பிரஷ்ஷால் தேய்ப்பவர்களைக் காணும்போதெல்லாம் மனம் பதறுகிறது; ஏனெனில் அப்போது கிளம்பும் கண்ணுக்குத் தெரியாத இழைகள் நுரையீரலில் தங்கி, பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயாக வெளிப்படக்கூடும்.

உடையாத ஷீட்டைத் தொடாமல் விடுவதே நல்லது. 2017-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி கட்டமைப்புப் பழுதுகளைச் சரிசெய்வது பொதுவாக வீட்டு உரிமையாளரின் பொறுப்பு என்பதால், விரிசலைப் புகைப்படம் எடுத்து அவருக்கு எழுத்து மூலம் தெரிவியுங்கள்.

மாற்றியே தீர வேண்டுமெனில், அனுபவமுள்ளவர்களை அமர்த்தி, ஷீட்டை நீர் தெளித்து நனைத்து, துருப்பிடித்த போல்ட் கழலாவிட்டால் ஷீட்டை உடைக்காமல் போல்ட்டையே வெட்டி, முழுதாக இறக்கச் சொல்லுங்கள். முகத்தில் கட்டும் துண்டு இந்த இழைகளைத் தடுக்காது. நுண்துகள்களை வடிகட்டும் எஃப்எஃப்பி3 (FFP3) தர முகக்கவசம் வேண்டும். தரையைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்து, அத்துணியையும் உடைந்த துண்டுகளையும் தடித்த பிளாஸ்டிக் தாளில் இரண்டு சுற்றுச் சுற்றி ஒட்டி, அப்புறப்படுத்தும் வழியை நாகர்கோவிலிலுள்ள மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலகத்தில் கேட்டறியுங்கள். குளத்தங்கரையில் கொட்டுவதும், கோழிக்கூட்டுக்கென்று பக்கத்து வீட்டாருக்குக் கொடுப்பதும் கூடவே கூடாது.