பனி விழறதுக்கு முன்னாடி போட்டை எப்படி மூடி வைக்கிறது

ஒன்டாரியோல நம்மள மாதிரி சின்ன போட் வச்சிருக்கிறவங்களுக்காக எழுதுறேன். பதினாலு பதினாறு அடி அலுமினிய போட், பின்னாடி வெளிய மாட்டுற ஒரு அவுட்போர்ட் மோட்டார், ட்ரெயிலர்ல மாட்டி இழுத்துட்டு லேக் சிம்கோ, ஸ்கூகாக்னு போய் தூண்டில் போடுற கூட்டம். உள்ளுக்குள்ளயே எஞ்சின் இருக்கிற பெரிய போட்டா இருந்தா இது பத்தாது, அதுல எஞ்சின் பிளாக்லயே தண்ணி நிக்கும், தெரியாம கை வைக்காதீங்க, மெக்கானிக்கிட்ட குடுத்துருங்க.

எல்லாத்துக்கும் ஒரே எதிரிதான், தண்ணி. உறைஞ்சா கிட்டத்தட்ட 9 சதவீதம் உப்பும், உப்புறதுக்கு இடமில்லன்னா சுத்தி இருக்கிற இரும்போ அலுமினியமோ எதையும் பார்க்காம பிளந்துட்டுப் போயிரும். அதனால "என்னென்ன செய்யணும்"னு யோசிக்காதீங்க, "தண்ணி எங்கெங்க ஒளிஞ்சிருக்கும்"னு தேடுங்க. என்னோட முதல் குளிர்காலத்துல டார்ப்பாலினை மட்டும் போட்டு மூடிட்டு நிம்மதியா தூங்கினேன். ஏப்ரல்ல பார்த்தா டிரைவ்வேல எஞ்சினுக்கு கீழ எண்ணெய் சொட்டி ஒரு தட்டு அகலத்துக்கு கறை. பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து அண்ணன் குனிஞ்சு பார்த்துட்டு, "தம்பி, உதுக்குள்ள தண்ணி நிண்டிருக்கு, ஐஸாகி வெடிச்சுப்போட்டுது"ன்னார். எஞ்சினோட கீழ்க் கோடியில கியர் இருக்கிற பெட்டி, அதான் கியர் கேஸ், அதுல முடி மாதிரி ஒரு கீறல், அவ்ளோதான். அந்தக் கீழ்ப்பகுதி முழுசா, அதாவது புது லோயர் யூனிட், விலை விசாரிச்சா நான் போட் வாங்கின விலைல பாதி வந்துச்சு.

நாள் பார்க்கணும்னா தேங்க்ஸ்கிவிங் வீக்கெண்டை மனசுல வச்சுக்கோங்க, அக்டோபர் ரெண்டாவது திங்கள். அப்போ விட்டா கையுறை போட்டுக்கிட்டுதான் ஸ்பேனர் பிடிக்கணும். மழை இல்லாத ஒரு சனிக்கிழமை போதும்.

முதல்ல பெட்ரோல். இங்க பம்ப்ல வர்ற சாதா பெட்ரோல்ல எத்தனால் கலந்திருக்கு, அது காத்துல இருக்கிற ஈரத்தை உறிஞ்சும், ரொம்ப சேர்ந்துட்டா தண்ணியும் எத்தனாலும் சேர்ந்து டேங்க் அடியில தனியா இறங்கிடும். அதோட ஆறு மாசம் கிடந்த பெட்ரோல் கார்ப்ரேட்டர்ல பிசின் மாதிரி ஒட்டிக்கும். பெட்ரோல் கெடாம இருக்கக் கலக்குற ஃப்யூயல் ஸ்டெபிலைசர், அதோட பாட்டில்ல போட்டிருக்கிற அளவு பார்த்து டேங்க்ல ஊத்துங்க, ஆனா ஊத்திட்டு அப்படியே விட்டா பிரயோஜனம் இல்ல, எஞ்சினை ஓட்டி அது கார்ப்ரேட்டர் வரைக்கும் போய்ச் சேரணும். கீழ தண்ணி உறிஞ்சுற ஓட்டையில மஃப்ஸ்ங்கிற ரப்பர் கப்பை மாட்டி, தோட்டத்து ஹோஸைத் திறந்துவிட்டு, அப்புறம்தான் ஸ்டார்ட் பண்ணணும், பத்து பதினஞ்சு நிமிஷம் ஓடட்டும். தண்ணி இல்லாம "சும்மா ரெண்டு செகண்டு"ன்னு ஓட்டாதீங்க, உள்ள தண்ணியை இழுக்கிற ரப்பர் சக்கரம், இம்பெல்லர், அந்த ரெண்டு செகண்டுக்கே கருக ஆரம்பிச்சிரும். கையில தூக்குற டேங்க்கும் நாலு ஸ்ட்ரோக் எஞ்சினும் இருந்தா, மிச்ச பெட்ரோல் புதுசா இருக்கும்போதே கார்ல ஊத்தித் தீர்த்துரலாம், ஸ்டெபிலைசர் கலந்ததால ஒண்ணும் ஆகாது. ரெண்டு ஸ்ட்ரோக்னா அதுல ஆயில் கலந்திருக்கும், கார் பக்கமே கொண்டு போகாதீங்க.

பழைய கார்ப்ரேட்டர் எஞ்சினா இருந்தா ஓடும்போதே ஃபாகிங் ஆயிலை, அதாவது உள்ள துருப்பிடிக்காம காக்குற ஸ்ப்ரே ஆயிலை, காத்து போற வாய்ல அடிக்கணும். வெள்ளைப் புகை குபுகுபுன்னு வந்து எஞ்சின் இருமி இருமி நின்னுரும், பயப்படாதீங்க, அதுக்குத்தான் அடிக்கிறோம். பக்கத்து வீட்ல துணி காயப்போட்டிருந்தா மட்டும் முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லிருங்க. அப்புறம் ஸ்பார்க் ப்ளக்கைக் கழட்டி ஒவ்வொரு சிலிண்டர்லயும் கொஞ்சம் அடிச்சு, எஞ்சினை நிறுத்துற கில் ஸ்விட்ச் க்ளிப்பை உருவிட்டு, ஃப்ளைவீலை கையால ரெண்டு மூணு சுத்து சுத்திட்டு ப்ளக்கைத் திரும்ப மாட்டுங்க. ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் எஞ்சினுக்கு முறை வேற, மேனுவலைப் பாருங்க. நாலு ஸ்ட்ரோக்னா எஞ்சின் சூடு ஆறுறதுக்குள்ள எஞ்சின் ஆயிலையும் ஃபில்டரையும் மாத்திருங்க.

இப்போ என்னைக் கவுத்த இடம், கியர் ஆயில். கியர் கேஸ்ல ரெண்டு ஸ்க்ரூ இருக்கும், கீழ ஒண்ணு மேல ஒண்ணு. ஒரு தட்டை வச்சுக்கிட்டு கீழ இருக்கிறதைக் கழட்டி, அப்புறம் மேல இருக்கிறதையும் கழட்டுங்க, அப்பதான் காத்து புகுந்து ஆயில் முழுசா இறங்கும். முதல் சொட்டை உத்துப் பாருங்க. தண்ணி கனம், அது அடியில தங்கும், அதனால உள்ள தண்ணி இருந்தா முதல்ல வர்றது அதுதான். ஆயில் பளபளன்னு இருந்தா நல்லது, கறுப்பா இருந்தாலும் பரவால்ல, ஆனா பால் ஊத்தின காப்பி மாதிரி வெளுத்து வந்தா எங்கயோ சீல் போயிருக்குன்னு அர்த்தம், பிரஷர் டெஸ்ட் பண்ணச் சொல்லுங்க. ஸ்க்ரூ நுனியில காந்தம் இருந்தா அதுல சாம்பல் நிறத்துல மாவு மாதிரி ஒட்டியிருக்கிறது சகஜம், தகடு தகடா இருந்தாத்தான் கவலை. புது ஆயிலை கீழ் ஓட்டையில இருந்துதான் பம்ப் வச்சு ஏத்தணும், மேல இருந்து ஊத்தினா காத்து சிக்கிக்கும். மேல் ஓட்டையில குமிழ் இல்லாம வழிஞ்சு வரும்போது முதல்ல மேல் ஸ்க்ரூவை மூடுங்க, அப்புறம் பம்ப்பை எடுத்துட்டு சட்டுன்னு கீழ் ஸ்க்ரூ. வாஷர் ரெண்டும் புதுசு போடுங்க, சில்லறைக் காசு, அதுல மிச்சம் பிடிக்காதீங்க. வசந்த காலத்துல மாத்திக்கலாம்னு தள்ளிப் போடுறவங்க நிறைய பேர், ஆனா உள்ள தண்ணி இருந்தா அது உடைக்கப் போறது ஜனவரியில.

அந்த சீல் ஏன் போகுதுன்னு தெரியணும்னா ப்ரொப்பல்லரைக் கழட்டிப் பாருங்க. போன அக்டோபர்ல நான் கழட்டினா ஷாஃப்ட்டைச் சுத்தி பச்சை பிரெய்டு லைன், தூண்டில் நூல்தான், நூல்கண்டு மாதிரி இறுகிக் கிடந்துச்சு, ப்ளேடு வச்சு அறுத்துதான் எடுத்தேன். அந்த நூல்தான் மெல்ல உள்ள நுழைஞ்சு சீலை அறுக்குது. ஷாஃப்ட்ல கிரீஸ் தடவிட்டு திரும்ப மாட்டுங்க.

எல்லாம் முடிஞ்சதும் எஞ்சினை நேரா கீழ இறக்கி நிறுத்தி வைங்க. தூக்கின நிலையில விட்டா மழைத்தண்ணி ப்ரொப்பல்லர் நடுவுல இருக்கிற எக்சாஸ்ட் வழியா உள்ள போய் தேங்கும், மறுபடி அதே கதை.

லைவ்வெல், அதாவது பிடிச்ச மீனை உயிரோட வைக்கிற தொட்டி, அதோட பம்ப், குழாய், ரெண்டுலயும் ஒரு கப் தண்ணியாவது நிக்கும். பிங்க் கலர் ஆன்டிஃப்ரீஸ் வாங்கி ஊத்தி, வெளிய பிங்க்கா வர்ற வரைக்கும் பம்ப்பை ஓட்டுங்க. காருக்கு ஊத்துற பச்சை வேணாம், அது விஷம், இனிப்பா வேற இருக்கும், நாய் பூனை நக்கிரும்.

ட்ரெயின் ப்ளக்கை, அதாவது போட்ல தண்ணி வடியிற ஓட்டையோட மூடியை, நீங்க ஏற்கனவே கழட்டியிருக்கணும். 2022 ஜனவரி 1ல இருந்து ஒன்டாரியோல போட்டை ரோட்ல இழுத்துட்டுப் போறதுக்கு முன்னாடி ப்ளக்கைத் திறந்து தண்ணியை வடிச்சு, பாசி, நீர்ச்செடி எல்லாம் எடுக்கணும்னு சட்டமே இருக்கு, ஜீப்ரா மஸ்ஸல் மாதிரி ஜந்துக்கள் ஒரு ஏரியில இருந்து இன்னொண்ணுக்குப் பரவக்கூடாதுன்னு. வீட்லயும் ப்ளக் இல்லாமதான் நிக்கணும், ட்ரெயிலர் முன்பக்கத்தைக் கொஞ்சம் தூக்கி வச்சா உருகுற பனி தானா பின்னாடி வழிஞ்சிரும்.

பேட்டரியைக் கழட்டி பேஸ்மென்ட்டுக்குக் கொண்டு போங்க. முழு சார்ஜ்ல இருக்கிற லெட் ஆசிட் பேட்டரி இந்த ஊர் குளிர்ல உறையாது, ஆனா காலியான பேட்டரி மைனஸ் 7 டிகிரி பக்கத்துலயே உறைஞ்சு வெடிச்சிரும். 12.6 வோல்ட்டுக்குக் கீழ இறங்கினா சார்ஜ் போடுங்க. சிமென்ட் தரையில வச்சா சார்ஜ் இறங்கிடும்னு சொல்றதெல்லாம் அந்தக் காலத்துப் பேட்டரிக்கு, இப்போ கவலைப்பட வேணாம்.

டார்ப்பாலினை தட்டையா இழுத்துக் கட்டினா பனி சேர்ந்து தொட்டில் மாதிரி தொங்கும், அப்புறம் கிழியும். போட் நடுவுல நீளவாக்குல ரெண்டு இன்ச்சுக்கு நாலு இன்ச் மரக்கட்டையை முட்டுக் கொடுத்து நிறுத்தி, கூரை முகடு மாதிரி ரெண்டு பக்கமும் சரிவா வர்ற மாதிரி கட்டுங்க. முன்னாடியும் பின்னாடியும் கொஞ்சம் காத்து போக வழி விடுங்க, இல்லன்னா கார்ப்பெட் பூஞ்சை பிடிச்சு நாறும். லைஃப் ஜாக்கெட், குஷன், பெட்டிக்குள்ள மறந்து போன பிஸ்கட், எல்லாத்தையும் வீட்டுக்குள்ள எடுத்துட்டு வந்துருங்க, எலிக்கு அதுதான் அஞ்சு நட்சத்திர ஹோட்டல். துணி ட்ரையர் ஷீட் வச்சா எலி வராதுன்னாங்க, நான் வச்சேன், அதையே கடிச்சு கூடு கட்டிருந்துச்சு.

ட்ரெயிலருக்குப் பெருசா ஒண்ணும் இல்ல. வீல் பேரிங்ல புது கிரீஸ், ஜாக்கி வச்சு டயர்ல இருக்கிற பாரத்தைக் குறைச்சு கட்டை வைங்க, அவ்வளவுதான்.

கடைசியா அந்த ட்ரெயின் ப்ளக். அதை எங்கயாவது பத்திரமா வைக்காதீங்க, பத்திரமா வச்சது எதுவும் மே மாசம் கிடைக்காது. எஞ்சின் சாவியோட சேர்த்து ஒரு கயித்துல கட்டி வைங்க, ஸ்டீரிங்ல மாஸ்கிங் டேப் ஒட்டி "ப்ளக் போடலை"ன்னு பெருசா எழுதுங்க. ரெண்டு வருஷம் முன்னாடி நான் ஏரிக்கரை ராம்ப்ல போட்டை இறக்கிவிட்டு வண்டியை பார்க் பண்ணிட்டுத் திரும்பி வர்றதுக்குள்ள என் பையன் போட்டுக்குள்ள கணுக்கால் தண்ணியில நின்னுக்கிட்டு, "அப்பா, லைவ்வெல் ஃபுல் ஆயிருச்சு"ன்னான்.