பாயிண்டில் கடற்கரை ரிசார்ட்: எதைப் பார்த்து ஒப்பிடுவது?

ஹோட்டல் குழுமத்தின் உறுப்பினர் திட்டத்தில் சேர்த்த பாயிண்டைக் கொடுத்து அறை எடுக்கப் பார்க்கிறீர்கள். ஒரு ரிசார்ட் ஓரிரவுக்கு 25,000 பாயிண்ட் கேட்கிறது, இன்னொன்று 48,000 கேட்கிறது. கண் சிறிய எண்ணுக்குத்தான் போகும். நகரத்து ஹோட்டல் என்றால் அது ஓரளவு சரி. பாயிண்ட் கொடுத்தால் செலவு அநேகமாக முடிந்தது, பசித்தால் கீழே இறங்கிக் கோப்பிக்கடைக்குப் போய்விடலாம். கடற்கரை ரிசார்ட்டில் படகு, பசியாறல், கூடுதல் படுக்கை, வரி என்று ஒவ்வொன்றாகப் பின்னால் வரும். அதனால் பாயிண்ட் போன பிறகும் கையிலிருந்து எத்தனை சிங்கப்பூர் வெள்ளி போகிறது என்பதைத்தான் முதலில் கணக்குப் போட வேண்டும்.

ஒரே தேதி, ஒரே வகை அறை, ரத்துசெய்யக்கூடிய விலை: இந்த மூன்றும் பொருந்தும் ரொக்க விலையை எடுங்கள். விலைக்குப் பின்னால் இரண்டு பிளஸ் குறி (++) இருந்தால் சேவைக் கட்டணமும் வரியும் தனி என்று பொருள், அவற்றையும் சேர்க்க வேண்டும். நம்மூர் செந்தோசாவில் 10% சேவைக் கட்டணமும் அதன்மேல் 9% ஜிஎஸ்டியும் சேர்ந்து 19.9% ஏறும். இந்தோனீசியாவின் பிந்தானிலும் பாலியிலும் பொதுவாக 21%. ஆக, 300 வெள்ளி என்று காட்டும் பிந்தான் அறையின் உண்மை விலை 363.

அந்த 363 வெள்ளியில் இருவருக்குப் பசியாறல் அடக்கம், பாயிண்டில் எடுத்தால் அது கிடையாது, தனியாக 50 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். மிச்சமாவது 313 வெள்ளிதான். 25,000 பாயிண்டால் வகுத்தால் பாயிண்டுக்கு 1.25 காசு மதிப்பு கிடைக்கிறது; இது கூடினால் நல்லது. 48,000 கேட்கும் ரிசார்ட்டின் ரொக்க விலை எல்லாம் சேர்த்து 480 வெள்ளி, பாயிண்டிலும் பசியாறல் உண்டு என்றால் 1 காசு. இங்கே சிறிய எண்ணே ஜெயித்தது. ஆனால் முதல் ரிசார்ட்டில் படகுக்கும் இரண்டு பிள்ளைகளின் சாப்பாட்டுக்கும் தனியாகக் கட்ட வேண்டியிருந்தால் முடிவு தலைகீழாகலாம்.

எத்தனை இரவு என்பதும் விடையை மாற்றும். மேரியட் ஹோட்டல்களின் உறுப்பினர் திட்டமான மேரியட் பான்வாயில் ஐந்து இரவைப் பாயிண்டில் எடுத்தால் நான்குக்குத்தான் பாயிண்ட் கழியும். ஹில்டனிலும் இதே சலுகை உண்டு, ஆனால் சில்வர் உறுப்பினர் நிலையிலோ அதற்கு மேலோ இருப்பவர்களுக்கு மட்டும். ஹில்டன் தன் பாயிண்டை அடிக்கடி 100% போனஸோடு விற்பதால், ஒரு பாயிண்ட் சுமார் 0.5 அமெரிக்கக் காசுக்கே கையில் வரும். அதைவிடக் குறைந்த மதிப்புக்கு அதைச் செலவழிப்பதில் அர்த்தமில்லை. அக்கோர் ஹோட்டல் குழுமத்தில் இந்த வகுத்தல் வேலையே இல்லை. 2,000 பாயிண்டுக்கு 40 யூரோ கழிவு, எந்த ஹோட்டலாக இருந்தாலும் அதேதான். அங்கே ரொக்க விலையை மட்டும் ஒப்பிட்டால் போதும்.

மாலத்தீவு தனி ரகம். ரிசார்ட்டில் பசுமை வரி ஆளுக்கு ஒரு நாளைக்கு 12 அமெரிக்க டாலர். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு மட்டும் கிடையாது. நான்கு பேர் ஐந்து இரவு தங்கினால் 240 டாலர். அதற்கு மேல் கடல்விமானத்துக்கு ஆளுக்குப் பல நூறு டாலர் ஆகும், பாயிண்டில் தங்குகிறோம் என்று அதில் சலுகை எதிர்பார்க்க முடியாது. கடல்விமானம் பகலில் மட்டுமே பறக்கும். மாலேயில் இரவு இறங்கும் விமானத்தைப் பிடித்தால் அங்கேயே ஓரிரவு அறை எடுக்க வேண்டிவரும். விரைவுப்படகில் போகக்கூடிய தீவு, பாயிண்ட் அதிகம் கேட்டாலும், குடும்பத்துக்கு மொத்தத்தில் மலிவாகவே முடியலாம்.

பக்கத்து ஊர்களில் இப்படிப்பட்ட சுற்றுலா வரி சிறியது: மலேசியாவில் வெளிநாட்டவருக்கு அறைக்கு ஓரிரவு 10 ரிங்கிட், பாலியில் ஆளுக்கு ஒரு முறை 150,000 ரூப்பியா. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் இந்தோனீசிய விசாச் செலவு உண்டா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி கடல். பாயிண்ட் திடீரென்று மலிவாகத் தெரிந்தால் முதலில் பருவத்தைச் சந்தேகியுங்கள். ஆண்டு இறுதிப் பள்ளி விடுமுறையில் வடகிழக்குப் பருவமழை மலேசியாவின் தெசாருவையும் பிந்தானின் வடகரையையும் நேராகத் தாக்கும்; அறை நன்றாக இருக்கும், கடலில்தான் இறங்க முடியாது. தாய்லாந்தின் கோ சமூயிக்கு நவம்பர் மோசமான மாதம். அதே டிசம்பரில் லங்காவியும் பூக்கெட்டும் வெயிலோடு இருக்கும், அதற்கேற்பப் பாயிண்டும் ஏறும். ஜூன் விடுமுறையில் இது மாறிவிடும்: பூக்கெட்டின் மேற்குக் கரையில் சிவப்புக் கொடி பறக்கும், பாலியில் வறண்ட காலம். விருந்தினர் விமர்சனங்களைப் படிக்கும்போது நீங்கள் போகும் மாதத்தில் எழுதப்பட்டவற்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். விளம்பரப் படம் நீரேற்றத்தில் எடுத்ததாக இருக்கலாம். நீர் வற்றினால் மணலா சேறா என்பதை விருந்தினர் போட்ட படங்கள்தான் சொல்லும்.

பிள்ளைகளோடும் தாத்தா பாட்டியோடும் போகிறவர்கள் ஹோட்டலுக்கு நேரடியாக மின்னஞ்சல் அனுப்பிக் கேட்டுவிடுவது நல்லது. பாயிண்ட் அறை பெரும்பாலும் இரண்டு பெரியவர்களுக்கானது. மேரியட், ஹில்டன் உயர்நிலை உறுப்பினருக்குக் கிடைக்கும் இலவசப் பசியாறலும் வழக்கமாக உறுப்பினருக்கும் இன்னொருவருக்கும்தான். எத்தனை வயது வரை பிள்ளைக்கு இலவசம், கூடுதல் படுக்கை எவ்வளவு, சைவ உணவு தினமும் உண்டா, டிசம்பர் 24, 31 இரவு விருந்து கட்டாயமா என்று எண் போட்டுக் கேளுங்கள். கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். சில ரிசார்ட்டுகள் அந்த விருந்துக்குத் தலைக்கு இவ்வளவு என்று கட்டாயமாக வாங்கும், பாயிண்டில் வந்தவரானாலும் விடாது. பதில் எழுத்தில் இருக்கட்டும்.

அறை தேடும்போது ஐந்து இரவும் சேர்த்து 'இல்லை' என்று வந்தால் ஒவ்வோர் இரவாகத் தேடிப் பாருங்கள். ஓர் இரவில் அடிப்படை அறை தீர்ந்திருந்தாலே மொத்தமும் காட்டாது. பிந்தான் போன்ற இடங்களுக்கு ஞாயிறு போய் வியாழன் திரும்பினால் நம்மூர் வாரயிறுதிக் கூட்டத்தையும் தவிர்க்கலாம்.

வங்கிப் பாயிண்டை ஹோட்டலுக்கு மாற்றுவதாக இருந்தால் அறை இருப்பதைப் பார்த்த பிறகே மாற்றுங்கள். மாற்றியது திரும்பாது, சில நேரம் வந்துசேர நாள்களாகும். மேரியட் பாயிண்டை சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிரிஸ்ஃபிளையர் மைலுக்கு 3க்கு 1 என்ற கணக்கில் மாற்றலாம் என்றாலும், நல்ல ரிசார்ட் கிடைக்கும்போது அது பெரும்பாலும் நட்டம்.

பதிவு செய்ததோடு விட்டுவிடாதீர்கள். பாயிண்ட் விலை ஏறி இறங்கும். குறைந்தால் புதிதாக ஒன்றைப் பதிந்துகொண்டு, அதற்குப் பிறகே பழையதை ரத்துசெய்யுங்கள். நகர ஹோட்டலுக்கு ஒன்றிரண்டு நாள் முன்பு வரை ரத்துசெய்ய முடியலாம், ரிசார்ட்டுக்கு அது 7, 14 நாள் என்று நீளும், உச்சக் காலத்தில் சில மாலத்தீவு ரிசார்ட்டுகளில் 30 நாள்கூட ஆகும். அந்தக் கெடு ஹோட்டல் இருக்கும் ஊரின் நேரப்படி ஓடும் என்பதால் கைப்பேசி நாட்காட்டியில் ஒருநாள் முன்னதாகவே நினைவூட்டல் வைத்துக்கொள்ளுங்கள்.